பட்டறையின் தூய்மை

தமிழ் பயிலும் மாணாக்கன் கணினிப் பட்டறையைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என்று இவ்விதழைப் புரட்டும் அன்பர் சிலர் வினவக்கூடும். வினவுதல் முறையே. யான் சிறப்புத் தமிழ் வகுப்பினன். என் மேசைமீது கிடப்பன நன்னூலும் தொல்காப்பியமும் அவற்றின் உரைகளுமே. எனினும், விடுதியில் என்னோடு ஓரறையில் உறையும் நண்பர் கணினியியல் பயில்பவர். சென்ற கோடை விடுமுறையில் யாம் இருவேமும் ஊர் செல்லாது விடுதியிலேயே தங்கி, பழுதென்று ஒருவர் ஒதுக்கிய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, 'டோர்' எனப்படும் அந்தரங்கக் காப்பு வலைப்பின்னலின் மென்பொருளை அதன் மூலநிரலினின்றும் ஆக்கிப் பார்த்தற்குரிய பட்டறையை அமைத்தோம். அதற்கு 12 நாட்கள் சென்றன. அந்நாட்களில் யான் கண்டவற்றினின்றும் எழுந்த கருத்து ஒன்றையும், அதுபற்றி எம் கல்லூரிப் பெரியோர்பால் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றையும் ஈண்டுக் கூறத் துணிகின்றேன்.

கருத்து இதுவே: பிறர் அந்தரங்கத்தைக் காத்தற்பொருட்டு ஒரு கருவியைச் செய்வோன், முதற்கண் தன் பட்டறையைத் தூய்மை செய்துகொள்ளல் வேண்டும், பட்டறை அமைக்கும் முறையைப் பாடத்திற்குப் புறம்பான சில்லறை வேலையென்று தள்ளாது, அதனையே முதற்பாடமாகக் கற்பித்தல் வேண்டும். இற்றை நாள் வகுப்புக்களில், "எங்ஙனமேனும் ஓடினாற் போதும், பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்" என்பதே வழக்காயிருக்கின்றது என்று என் நண்பர் கூறுவர். பின்னர்ப் பார்த்துக்கொள்ளும் நாள் ஒருபொழுதும் வருவதில்லை என்பதனை அவரே ஒப்புவர்.

டோர் என்பது யாது என்று அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். ஒருவர் இணையத்தின் வழியே ஒரு தளத்தை நாடுங்கால், அவர் விடுக்கும் ஒவ்வொரு பொதியின் மீதும் அனுப்புவார் முகவரியும் பெறுவார் முகவரியும் அஞ்சலட்டையின்மேற் போலத் திறந்து கிடக்கும். உள்ளிருக்கும் செய்தி மறைகுறியால் மூடப்பட்டிருப்பினும், இன்னார் இன்னாரை இந்நேரத்தில் நாடினார் என்பது வழியிலுள்ளார்க்கெல்லாம் வெளிச்சம். ஒருவர் எம்மருத்துவரை நாடினார், எவ்வழக்கறிஞரை வினவினார், எச்செய்தித்தாளை நள்ளிரவிற் படித்தார் என்பவற்றை அறிந்தோன், கடிதத்தைப் பிரியாமலே அதன் பாதியைப் படித்தவனாவான். இதனை மறைத்தற்பொருட்டு, 1990-களின் இடைப்பகுதியில், அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிச் சாலையிற் பணியாற்றிய டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் என்னும் மூவர் 'வெங்காய வழி' என்னும் முறையை வகுத்தனர். செய்தியின்மேல் மூன்று உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுவர். முதல் இடைநிலையம் புறத்தோலை உரிக்கும்; அதற்கு அனுப்பினாரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. நடுநிலையத்திற்கு இரண்டும் தெரியா. இறுதி நிலையத்திற்குச் சேருமிடம் தெரியும், அனுப்பினாரைத் தெரியாது. வெங்காயத்தை உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லை என்பது நம்மவர் பேச்சு. இவ்வெங்காயத்திலோ மூன்று தோலும் உரிந்தபின் ஒரு கடிதம் கிடக்கும். ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் என்னும் இருவர் சைவர்சனோடு கூடி இம்முறையைச் செப்பஞ்செய்து, டோர் என்னும் பெயரால் 2002-ஆம் ஆண்டில் இயக்கத் தொடங்கினர். அதன் மூலநிரல் யாவரும் படித்தற்கும் திருத்தற்கும் உரியதாய் வெளியிடப்பெற்றது. 2006-ஆம் ஆண்டு முதல் இலாபநோக்கற்ற கழகம் ஒன்று அதனைப் பேணி வருகின்றது.

நிற்க. பட்டறை அமைத்த வரலாற்றைக் கூறுவல்.

முதல் மூன்று நாட்களும் பண்டம் சேர்ப்பதிலேயே கழிந்தன. மடிக்கணினியில் இருந்த பழைய இயங்குதளத்தை நீக்கி, டெபியன் லினக்ஸை நிறுவினோம். டோர் மென்பொருளின் மூத்த வடிவம் சி மொழியில் இயன்றது. அதனை ஆக்குதற்குத் தொகுப்பியோடு லிப்ஈவென்ட், ஓப்பன்எஸ்எஸ்எல், ஸீலிப் என்னும் துணைநூலகங்களும், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் என்னும் கருவிகளும் வேண்டும். லிப்ஈவென்ட் பல வாயில்களையும் ஒருங்கே நோக்கி நிற்கும் காவலன். ஓப்பன்எஸ்எஸ்எல் மறைகுறிக் கணக்கன். ஸீலிப் பொதியைச் சுருக்கிக் கட்டுவோன். எம் கணினியில் லிப்ஈவென்ட் முன்னரே இருக்கவும், "அஃது இல்லை" என்று சாதித்துக் கட்டுமானம் நின்றுவிட்டது. ஓட்டுதற்குரிய நூலகம் வேறு, ஆக்குதற்குரிய தலைப்புக் கோப்புக்கள் வேறு பொதியில் வைக்கப்பட்டுள்ளன என்பதனை அறியாமையால் அரை நாள் வீணாயிற்று. இவ்வொரு செய்தியை வழிகாட்டி நூலில் ஒரு வரியில் எழுதியிருப்பரேல் அவ்வரை நாள் எமக்கு மிஞ்சியிருக்கும். வல்லார்க்கு வெளிப்படையாய்த் தோன்றுவன கற்பார்க்கு இருளாயிருத்தல், இலக்கண உரைகளில் யாம் நாடோறும் காண்பதே. உரையாசிரியர் 'வெளிப்படை' என்று எழுதிச் செல்லுமிடத்திலன்றோ மாணாக்கன் திகைத்து நிற்கின்றான்!

நான்காம் நாள் மாலையில் மென்பொருள் ஆகி முடிந்தது. சோதனைகள் யாவும் தேறின. நண்பர்க்கு உவகை மிக்கது. பட்டறையினின்றும் நேரே வெளியுலகப் பின்னலோடு அதனைப் பிணைத்து இயக்கினார். எம் பிழைகள் இரண்டும் அங்கேதான் தொடங்கின.

முதற்பிழை சிறிது. டோர் தன் கணினியிலேயே 9050 என்னும் வாயிலைத் திறந்துவைத்துக்கொண்டு, பிற மென்பொருள்களின் செய்தியை அவ்வாயில் வழியே ஏற்கும். நண்பர் 'கர்ல்' என்னும் கருவியால் ஒரு தளத்தை அவ்வாயில் வழியே அழைத்தார், பக்கம் வந்தது. ஆயினும், ஐயுற்று, கம்பியிற் செல்லும் பொதிகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்' கருவியை இயக்கி நோக்கியபோது, நாடிய தளத்தின் பெயர் மறைவின்றி வெளியே செல்லக் கண்டோம்! பக்கம் மூன்று உறைக்குள் வந்ததேனும், "இப்பெயர்க்கு முகவரி யாது?" என்னும் கேள்வி உறையின்றித் தெருவிற் கூவப்பட்டுவிட்டது. காரணம் ஒரு சொல். அக்கருவியில் 'சாக்ஸ்5' என்று கட்டளையிட்டாற் பெயரை உள்ளூரிலேயே வினவும். 'சாக்ஸ்5-ஹோஸ்ட்நேம்' என்று கட்டளையிட்டாற் பெயரையும் டோரின் வழியே விடுக்கும். முன்னதும் பின்னதும் பயன் ஒன்றே தருவன போற் கண்ணுக்குத் தோன்றும். பொதிகளை நோக்கும் கருவி எம் பட்டறையில் இல்லாதிருப்பின், யாம் காக்கப்பட்டோம் என்றே நம்பியிருப்போம். காவலின்மையினும் கொடிது, காவல் உண்டென்னும் பொய்நம்பிக்கை.

இரண்டாம் பிழை பெரிது. அதனை எழுதுதற்கு நாணுகின்றேன். எனினும் எழுதாதொழியின் இக்கட்டுரைக்கு உயிரில்லை.

டோர் மென்பொருள் தன் செயல்களைப் பதிவேட்டில் எழுதுங்கால், பயன்படுத்துவோர் நாடும் முகவரிகளைத் தானே அழித்து, அவ்விடத்தில் 'துடைக்கப்பட்டது' என்று பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் எழுதும் இயல்பினது. 'சேஃப்லாகிங்' என்பது அவ்வியல்பின் பெயர். எம்மைப் போன்றார் பிழை தேடுங்கால் அச்சொல் இடையூறாகும். ஆதலின் அதனை நிறுத்திவைக்கவும் இடம் தந்துள்ளனர். நண்பர் அதனை நிறுத்தினார். பதிவேட்டை விரிவாக எழுதுமாறும் பணித்தார். பட்டறைக்குள் இது குற்றமன்று. ஆனால் மென்பொருளோ வெளியுலகப் பின்னலோடு பிணைந்திருந்தது. அன்றிரவு, விடுதியில் எஞ்சியிருந்த மற்றொரு மாணாக்கர் எம் அறைக்கு வந்து, "உங்கள் கணினியில் யாரும் அறியாவண்ணம் படிக்கலாமாமே, ஒரு மணி நேரம் தருவீர்களா?" என்று வினவினார். மகிழ்ந்து கொடுத்தோம். எம் கைத்தொழிலுக்கு முதல் வாடிக்கையாளர் அன்றோ!

மறுநாட் காலையில் நண்பர் ஒரு பிழையின் காரணத்தைத் தேடிப் பதிவேட்டைத் திறந்தார். யான் அருகிலிருந்தேன். முதல்நாள் இரவு அம்மாணாக்கர் நாடிய தளங்களின் பெயர்கள் யாவும், நேரத்தோடு, வரிவரியாக நின்றன. ஒரு நோயைப் பற்றிய பெயர்கள் அவை. அவர் தம் பெற்றோர்க்கும் உரையாத செய்தியை, யாம் வினவாமலே, விரும்பாமலே அறிந்துகொண்டோம். அப்பதிவேட்டை அப்படியே எடுத்து, உதவி வேண்டி, மூத்த மாணாக்கர் ஒருவர்க்கு அனுப்ப எண்ணியிருந்தார் நண்பர். அனுப்புதற்கு இரண்டு நிமிடமே இருந்தது. எம் கைகள் நடுங்கின. கோப்பை அழித்தோம். பின்னர் அவரிடம் சென்று நடந்ததை ஒளியாது உரைத்துப் பொறுத்தருள வேண்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார். பிறகு, "சொன்னதே நன்று" என்றார். இதனை இதழில் எழுத இசைவு தந்தவரும் அவரே. அவர் யார் என்பதனை ஆராய வேண்டா என்று விடுதி நண்பர்களை வேண்டுகின்றேன்.

இதில் டோர் மென்பொருளின் குற்றம் யாதும் இல்லை என்பதனைக் கருதுக. அதனை இயற்றினோர் முகவரிகளைத் துடைத்தே வைத்திருந்தனர். மறைகுறியும் முறியவில்லை, மூன்று இடைநிலையங்களும் தத்தம் கடனைச் செவ்வனே ஆற்றின. கெட்டது பட்டறை. சோதிக்கும் இடத்தையும் வாழும் இடத்தையும் யாம் வேறு பிரிக்கவில்லை. அடுப்பங்கரையில் மருந்தறைத்து, அவ்வம்மியிலேயே உணவும் அரைத்தோம்.

அன்று முதல், வெளியுலகப் பின்னலைத் தொடாமலே பயிலும் வழியைத் தேடினோம். அத்தகைய வழி ஒன்றை டோர் அன்பர்களே செய்துவைத்துள்ளனர். ஒரே கணினிக்குள் பல டோர் இயக்கங்களை எழுப்பி, சிலவற்றை இடைநிலையங்களாகவும், சிலவற்றைப் பட்டியல் காக்கும் அதிகார நிலையங்களாகவும், சிலவற்றைப் பயனராகவும் நியமித்து, முழுப் பின்னலின் சிற்றுருவை மேசைமேல் அமைக்கும் கருவி அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சட்னி'. வெங்காயத்தினின்றும் சட்னி உண்டாதல் எம் விடுதிச் சமையலறையார்க்கு வியப்பளிக்காது; யானோ அப்பெயரைக் கேட்டு ஒரு நாழிகை நகைத்தேன்.

இச்சிற்றுருவை அமைக்குங்கால், பெரும்பின்னலின் விதிகள் பலவற்றை அறிந்தோம். வெளியுலகில் இடைநிலையங்களின் பட்டியலை அதிகார நிலையங்கள் ஒரு மணிக்கு ஒருமுறை கூடி ஒருமித்து வெளியிடும். மேசைமேல் அத்துணை நேரம் காத்திருத்தல் இயலாதாகலின், 'டெஸ்டிங் டோர் நெட்ஒர்க்' என்னும் ஒரு கட்டளையால் அக்காலம் மிகச் சுருக்கப்படும். வெளியுலகில், முகவரியின் முற்பகுதி ஒத்த இரண்டு நிலையங்களை ஒரே வழியில் டோர் தேர்ந்துகொள்ளாது. இரண்டும் ஒருவன் கையிலிருத்தல் கூடும் என்னும் ஐயமே காரணம். மேசைமேலோ எல்லா நிலையங்களுக்கும் முகவரி ஒன்றே. ஆகவே அவ்விதியையும் அக்கட்டளை தளர்த்துகின்றது. இங்ஙனம் தளர்த்தப்பட்ட அமைப்பைப் பட்டறைக்கு வெளியே எடுத்துச் செல்வோன் என் செய்வான்? ஐயத்தின்பொருட்டு வகுக்கப்பட்ட காவலை ஐயமின்றி அவிழ்த்தவனாவான். எம் பதிவேட்டுப் பிழையும் இவ்வினத்ததே. ஆதலின் இப்பொழுது எம் பட்டறையின் அமைப்புக் கோப்புக்கள் வேறு அடைவில், வேறு பயனர் பெயரின்கீழ், வெளி இணைப்பு அற்ற நிலையில் உள்ளன. சட்னி தன் சிற்றுருவின் வழியே செய்தியை விடுத்து, அது முழுமையாய்ச் சேர்ந்ததா என்று தானே ஒப்புநோக்கிச் சொல்லும். ஒன்பதாம் நாள் இரவு அது "சேர்ந்தது" என்று சொல்லக் கேட்டோம். அவ்வுவகை நான்காம் நாளின் உவகையினும் நன்று.

இனிப் பட்டறையின் தூய்மை என்பது அமைப்புக் கோப்போடு நின்றுவிடுவதன்று. பட்டறைக்குட் கொண்டுவரும் பண்டம் யாரிடமிருந்து வந்தது என்னும் கேள்வி அதனினும் ஆழமானது. தமிழ் மாணாக்கனாகிய எனக்கு இப்பகுதியே மிக இனித்தது. சற்று விரித்துரைத்தலைப் பொறுத்தருள்க.

மூலநிரல் மாந்தர் படிப்பது. இயங்குநிரல் பொறி படிப்பது. மூலத்தைப் படித்து இது நல்லது என்று தேர்ந்தோம். ஆனால் யாம் இறக்கி இயக்கும் இயங்குநிரல் அம்மூலத்தினின்றே ஆயிற்று என்பதற்குச் சான்று யாது? கென் தாம்ப்ஸன் என்னும் அறிஞர் 1984-ஆம் ஆண்டு வெளிவந்த தம் டூரிங் பரிசுச் சொற்பொழிவில் இவ்வினாவைக் கொடியதொரு வடிவில் எழுப்பினார். தொகுப்பியே வஞ்சகமுடையதாயின், குற்றமற்ற மூலத்தினின்றும் குற்றமுடைய இயங்குநிரலைச் செய்யும். அத்தொகுப்பியின் மூலத்தைத் தூயதாக்கி மீண்டும் அதனைக்கொண்டே ஆக்கினும், வஞ்சகம் தன்னைத் தானே புகுத்திக்கொள்ளும். மூலத்தில் அதன் சுவடும் இராது என்று காட்டினார். இது கற்பனையன்றோ எனின், 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்ததை நோக்குக. கோப்புக்களைச் சுருக்கும் 'எக்ஸ்ஸெட்' என்னும் மென்பொருளுக்குள், பொய்ப்பெயர் பூண்ட ஒருவர், ஈராண்டுக்கு மேல் நற்பணி ஆற்றி நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புக்களிற் கள்ளவாயில் ஒன்றை வைத்துவிட்டார். அதனைத் திறக்கும் திறவுகோலாகிய வரிகள், யாவரும் நோக்கும் மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை. கட்டி வெளியிட்ட பொதியிலுள்ள ஆக்கக் குறிப்புக்களில் மட்டுமே இருந்தன. அஃதாவது, வஞ்சகம் நூலிற் புகவில்லை, பட்டறையிற் புகுந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியறிஞர், தம் கணினியிற் புகுவதற்கு அரை நொடி மிகுதியாகச் செல்கின்றதே என்று ஐயுற்று ஆராய்ந்தமையாலன்றோ அது வெளிப்பட்டது! அரை நொடியைப் பொருட்படுத்திய அவர் பொறுமையை எண்ணுந்தோறும் எனக்கு நாணம் உண்டாகின்றது. செய்யுளில் ஓர் அசை மிக்கிருப்பதனை யான் எத்துணை முறை காணாது கடந்திருக்கின்றேன்!

இதற்கு மருந்தாகக் கண்ட முறையை 'மீட்டாக்கத்தகு கட்டுமானம்' எனலாம். ஒரே மூலத்தை, வெவ்வேறு ஊரில், ஒருவரையொருவர் அறியாத பலர் தத்தம் பட்டறைகளில் ஆக்குவர். வரும் இயங்குநிரல்கள் ஓர் எழுத்தும் பிசகாது ஒத்திருப்பின், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று துணியலாம். இது நமக்குப் புதிதன்று. 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவர்கள், பல்லூர்ச் சுவடிகளைத் தொகுத்து எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கியதும் இக்காரணம்பற்றியே. ஓரேட்டிற் காணும் பாடம் ஏடெழுதினோன் கைப்பிழையா, ஆசிரியன் வாக்கா என்பது மற்றைய ஏடுகளோடு ஒத்துநோக்கினாலன்றித் துணியப்படாது.

ஒப்புமை இன்னும் நெருங்கியது. ஏடெழுதுவோன் இறுதியில் இன்ன ஆண்டு இன்ன திங்களில் எழுதி முடித்தேன் என்று தன் குறிப்பை வைப்பான். ஆதலின் நூல் ஒன்றாயினும் இரண்டு ஏடுகள் முற்றும் ஒத்திரா. தொகுப்பிகளும் அங்ஙனமே ஆக்கிய நாளையும் நேரத்தையும் அடைவின் பெயரையும் இயங்குநிரலுள் எழுதிவைக்கும். கோப்புக்களை அடுக்கும் முறை கணினிக்குக் கணினி வேறுபடும். மொழி அமைப்பு மாறின் அகரவரிசையும் மாறும். இவற்றையெல்லாம் ஒருமைப்படுத்தினாலன்றி இரண்டு பட்டறைகள் ஒரே பொருளைத் தாரா. டோர் கழகத்தார் தம் உலாவியை 2013-ஆம் ஆண்டு முதல் இம்முறையில் ஆக்கத் தலைப்பட்டனர். டெபியன் அன்பர்களும் அவ்வாண்டிலேயே இவ்வுழைப்பிற் புகுந்தனர்.

டெபியன் என்றவுடன் அவர்க்கு நேர்ந்த இடர் ஒன்று நினைவிற்கு வருகின்றது. 2006-ஆம் ஆண்டில், நினைவகப் பிழை காட்டும் கருவி ஒன்று ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் சில வரிகளைக் குறித்து எச்சரித்தது. எச்சரிக்கையை அடக்குதற்பொருட்டு அவ்வரிகளை நீக்கினர். அவையோ, மறைகுறிச் சாவிகளுக்கு வேண்டிய எதேச்சைத் தன்மையைக் கலக்கும் வரிகள். 2008-ஆம் ஆண்டில் உண்மை வெளிப்படும்வரை, அவ்வமைப்பில் ஆக்கப்பெற்ற சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 32 ஆயிரம் என்னும் சிறு தொகைக்குள்ளேயே அடங்கின. கள்வன் ஒருவன் அனைத்தையும் ஒரு பையிலிட்டுச் சுமக்கலாம். தீய எண்ணம் யாருக்கும் இல்லை. மேசையைத் தூய்மை செய்ய முயன்றவர் விளக்கைத் தட்டிவிட்டார், அவ்வளவே.

சி மொழியில் நினைவகத்தைக் கையாளுதல் கூரிய கத்தியைக் கையாளுதல் போன்றது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓப்பன்எஸ்எஸ்எல் பிழை அதற்கு நெடிய சான்று. ஆகவே டோர் அன்பர்கள் ரஸ்ட் மொழியில் 'ஆர்டி' என்னும் புதிய வடிவை எழுதி, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் 1.0.0 பதிப்பை வெளியிட்டனர். அதற்குரிய பட்டறையை அமைத்தல் மிக எளிது. 'கார்கோ' என்னும் ஒரு கருவியே வேண்டுவனவற்றையெல்லாம் கொணர்ந்து கட்டிவிடும். ஆனால் அது கொணரும் துணைப்பொதிகள் பல நூறு. கத்தியின் அச்சம் நீங்கிற்று. பந்தியில் அமர்ந்திருப்போர் யார் யார் என்னும் அச்சம் புகுந்தது. பொதிகளின் பதிப்பெண்ணையும் சரிபார்ப்பெண்ணையும் பூட்டிவைக்கும் கோப்பு ஒன்று உடனிருத்தல் ஆறுதல். என் நண்பர் ஆர்டியே எதிர்காலம் என்பர். யான் சி வடிவை முதலிற் கற்றமைக்கு மகிழ்கின்றேன்; துன்புற்றதனாலன்றோ எப்பண்டம் எங்கிருந்து வருகின்றதென்று அறிந்தேன்.

இனி, எம் கோரிக்கையை எதிர்ப்போர் கூறுவதனையும் மறைத்தல் முறையன்று. விடுமுறைக்கு முன் கணினிக்கூடத்தில் இதனைப் பயில இசைவு கேட்டபோது, பொறுப்பிலுள்ளார் ஒருவர், "அது கள்வர் செல்லும் வழி, மாணாக்கர்க்கு ஏன்?" என்று மறுத்துவிட்டார். அவர் கூற்று அடியோடு பொய்யன்று. மயக்க மருந்துகளை விற்ற 'சில்க் ரோடு' என்னும் சந்தை 2011-ஆம் ஆண்டு முதல் 2013-ஆம் ஆண்டில் மூடப்படுங்காறும் டோரின் மறைவிலேதான் இயங்கிற்று. அதனினும் கொடியவையும் அம்மறைவில் உண்டு. இவற்றை அறியாதார் போற் பேசும் அந்தரங்க அன்பர்களை யான் விரும்புவதில்லை. ஆயினும், கள்வனும் செல்வான் என்று சாலையை மூடுவாரிலர். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று புட்டசாமி வழக்கிற் தீர்ப்பளித்துள்ளனர். உரிமை ஏட்டில் இருக்க, அதனைக் காக்கும் கருவியைச் செய்யத் தெரிந்தார் நம்மிடை இலராயின், அவ்வுரிமையால் எம் விடுதி மாணாக்கர்க்கு, அன்றிரவு தம் நோயைப் பற்றிப் படித்தாரே அவர்க்கு, யாது பயன்?

அன்றியும், யாம் கேட்பது டோரை வெளியுலகில் இயக்கும் இசைவன்று. இவ்வேறுபாட்டை மறுத்தவர் செவிமடுத்திலர் போலும். மேசைமேல் அடங்கிய மூடிய பின்னலில் எக்கள்வனும் எதனையும் விற்றல் இயலாது. அப்பின்னலுக்கு வெளியே செல்லும் கம்பியே இராது. அதனுள் மாணாக்கர் பொதிகளைத் திறந்து நோக்கலாம், இடைநிலையம் ஒன்றைத் தீயதாக்கி அது எவ்வளவு அறிகின்றது என்று காணலாம், காவலை அவிழ்த்தும் கட்டியும் பார்க்கலாம். உயிருள்ள ஒருவருடைய மறைபொருளும் அதனுட் செல்லாது. மெய்யான மாந்தர் செல்லும் பின்னலில் ஆராய்ச்சி செய்தல், உறங்குவான்மேல் மருந்தைச் சோதிப்பதனோடு ஒக்கும். அத்தவற்றை யாம் அறியாமற் செய்தோம்; பின்வருவோர் செய்ய வேண்டா.

ஆகவே கல்லூரித் தலைவரும் கணினித் துறையாரும் எமக்கு நான்கு பழைய கணினிகளும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு இணைப்புப்பெட்டி ஒன்றும், வெளித்தொடர்பு அற்ற ஒரு மூலையும் தந்துதவ வேண்டுகின்றேன். வேண்டும் பொதிகளை வாரம் ஒருமுறை ஆசிரியர் ஒருவர் முன்னிலையிற் கொணர்ந்து, கையொப்பத்தைச் சரிபார்த்து, ஏட்டிற் பதிந்து உட்செலுத்தலாம். இரு குழுவினர் தனித்தனியே ஆக்கி, வெளிவரும் இயங்குநிரல்களின் சுருக்கெண்ணை ஒப்புநோக்கலாம். ஒவ்வாதவிடத்து ஏன் ஒவ்வவில்லை என்று தேடுதலே ஒரு பருவத்திற்குரிய பாடமாகும். பழைய மாணாக்கருட் பலர் பெருநகரங்களில் இத்துறையில் உயர்ந்த பதவிகளில் உளர் என்று கேள்வியுறுகின்றோம். ஆண்டுக்கு ஒருமுறை வந்து எம் பட்டறையைப் பார்த்துக் குறைகூறிச் செல்வாராயின், பொருளுதவியினும் அது பெரிது.

தமிழ்த் துறையார்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எம் 12 நாட் செயல்களையும், இன்ன பொதி, இன்ன பிழை, இன்ன திருத்தம் என்று, கட்டளைகளோடு தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளேன். தலைப்புக் கோப்புக்கள் தனிப்பொதியில் உள்ளன என்னும் செய்தி அதன் முதற்பக்கத்திலேயே இருக்கின்றது. பதிவேட்டைப் பற்றிய எச்சரிக்கையைச் சிவப்பு மையால் எழுதியுள்ளேன். விரும்புவோர் விடுதியில் வந்து படியெடுத்துக்கொள்ளலாம். பிழை காண்போர் ஓரத்தில் எழுதிவைக்க.

கணினிகளைத் தேடி அலைய வேண்டுவதும் இல்லை. கணினிக்கூடத்தின் பின்னறையில், கழித்துவிடத்தக்கவை என்று எழுதி ஒட்டிய ஒன்பது கணினிகள் தூசு படிந்து கிடக்கின்றன. கூடத்து உதவியாளரின் இசைவோடு சென்ற சனிக்கிழமை அவற்றுக்கு மின்னிணைப்புக் கொடுத்துப் பார்த்தோம். ஐந்து இயங்கின.